புதன்கிழமைக் குரல்

“நாலாயிரம் பேர் கேட்டிருக்காங்க அக்கா! ஒரே வாரத்துல! மீன்கடைக்காரர் திட்டுற பதிவைக்கூட முந்தியாச்சு!”

ஹங் குதிக்காத குறை. அந்த நிமிடமே அவனை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. காணாமல் போன ஒரு பெண்ணின் குரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை யாராவது அவன் காதில் ஊதியிருக்க வேண்டும்.

ஹங் தைபேயின் கலை மையம் ஒன்றில் வேலை பார்ப்பவன். ‘பேசும் சுவர்’ அவன் பெற்ற பிள்ளை. வன்ஹுவா வட்டாரத்துச் சந்துகளில் சுவருக்குச் சுவர் உள்ளங்கை அகல நீல ஓடு பதித்திருக்கிறார்கள். போனை அதன்மேல் வைத்தால் அந்தச் சந்துக்காரர் யாராவது பேசுவார். கோயில் வாசலில் கூத்தாடியவர் இரண்டு வரி பாடுவார். மீன்கடைக்காரர் பேரம் பேசுகிறவர்களைத் திட்டுவார். கலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்று நினைத்திருந்த எங்கள் ஆட்கள், இப்போது பல் தேய்த்த கையோடு சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நல்ல வேலைதான், மறுக்க மாட்டேன்.

“இந்த ஓட்டுல யார் வேணா குரல் போடலாமா?” என்று கேட்டார் தெங் அக்கா.

“யார் வேணா போடலாம். ஆனா இங்க வந்து நின்னு, போனை ஓட்டுல ஒட்டி வெச்சாத்தான் ஏறும். வீட்ல உக்காந்துக்கிட்டு ஏத்த முடியாது. சந்துக்காரங்க சந்துல வந்து நிக்கணும், அதுதானே திட்டமே! தேதி தானா விழுந்துடும். இது போன புதன், சாயங்காலம்.”

“ஏத்தினவங்க பேரு?”

“கேக்க மாட்டோம். கூச்சப்படுவாங்க.”

“கூச்சப்படுற திருடனுக்கு ரொம்ப வசதி,” என்றேன்.

அக்கா என் காலை மிதித்தார். என் பெயர் அ-பின். தெங் அக்கா காப்பீட்டுக் கம்பெனியில் பொய்களை மோப்பம் பிடித்துப் பழகி, பிறகு சொந்தமாகத் துப்பறிய வந்தவர். அவருக்குக் குடை பிடிப்பது, பாகற்காய் ஜூஸ் வாங்கி வருவது, பேசக் கூடாத நேரத்தில் பேசுவது மூன்றும் என் இலாகா.

அக்கா தன் போனை ஓட்டில் வைத்தார். மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து மூச்சு வாங்கும் ஒரு இளம்பெண் குரல்.

“...நீ மாடி இறங்காதேம்மா, முழங்கால் வலிக்கும். மழை வேற. நீ சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே.”

அவ்வளவுதான்.

குரலுக்குச் சொந்தக்காரி ஷான்ஷான். இதே சந்தில் ஐந்தாம் மாடியில் இருந்தவள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் வெளியே போனவள் திரும்பவில்லை. ஆற்றங்கரையில் ஒரு செருப்பு கிடைத்தது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு யாரும் சாவுச் சான்றிதழ் தர மாட்டார்கள். ஏழு வருடம் காத்திருந்து அப்பா பெங் நீதிமன்றத்துக்குப் போனார், இறந்துவிட்டதாக அறிவியுங்கள் என்று. உயிரோடு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும் என்று நீதிமன்றம் கெடு வைத்தது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது இந்தச் சுவர் பேசிவிட்டது.

அம்மா யாவ் நேரே எங்களிடம் வந்தார். “வியாழக்கிழமை காலைல தற்செயலாப் போனை வெச்சேன். என் பொண்ணு பேசுறா. புதன்கிழமை அவ இங்க வந்து நின்னிருக்கா. அது அவ குரல்தான்னு, புதுசாப் பேசினதுதான்னு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை நீதிபதிகிட்ட குடுக்கணும்.” பழைய குரல் பதிவு ஏதாவது இருந்தால் ஒப்பிடலாமே என்று அக்கா கேட்டதற்கு, ஒன்றுமில்லை, மகளின் போன் அவளோடேயே போய்விட்டது என்றார்.

ஒரு பெண் உயிரோடு இருக்கிறாளா இல்லையா. வழக்கு இதுதான். கையில் இருந்தது ஒன்றரை மூச்சுக் குரல். அன்றைக்குக் கிழமை மறுபடியும் புதன்.

ஓட்டுக்கு எதிரே அ-லியனின் சலூன். வாடிக்கையாளர் தலையில் நுரையை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி அவள் வெளியே வந்தாள்.

“போன புதன் சாயங்காலம் புது ஆளுங்க யாராவது வந்து நின்னாங்களா?” என்றார் அக்கா.

“ஒரு பொண்ணும் வரல. கொட்டற மழை. ஷான்ஷான் வந்திருந்தா நான் விட்டிருப்பேனா? அவ காதைத் திருகி மேல இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்.” அவள் ஐந்தாம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். “பாவம்க்கா அந்த அம்மா. குப்பை வண்டி வந்தாப் போதும், ஜன்னலைச் சாத்திடுவாங்க. பையைப் படிக்கட்டுல வெச்சிருப்பாங்க, நான்தான் எடுத்துப் போய்ப் போடுவேன். இத்தனை வருஷமா.”

“முழங்காலா?”

“முழங்கால்னுதான் சொல்லுவாங்க,” என்றாள் அ-லியன்.

*

எங்கள் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில். கீழே யாராவது அலறினால் துப்பறியும் மனநிலை தானாக வந்துவிடும்.

“போன புதன் மழை பெஞ்சதுக்கு ஆதாரம் இருக்கு,” என்றார் அக்கா, வானிலைப் பக்கத்தைப் பார்த்தபடி. “பதிவுலயும் மழை. பொருந்துது.”

“அப்ப உயிரோட இருக்கா அக்கா!”

“குதிக்காதே. உயிரோட இருக்கறவ சுவர்கிட்ட வந்து பேசிட்டு, அஞ்சு மாடி ஏறாமப் போவாளா?”

“எங்க வீட்ல அஞ்சு மாடின்னா நானும் சுவர்கிட்டதான் பேசுவேன்.”

“நீ பேசறதைச் சுவர்தான் கேக்கும். ஹெட்போனை மாட்டு. மழையை விட்டுட்டு மத்ததைக் கேளு. பஸ், நாய், கோயில் மணி, எது கேட்டாலும் சொல்லு.”

மாட்டிக்கொண்டேன். ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். மூச்சு. மழை. அம்மா, முழங்கால், மழை. மறுபடியும். மறுபடியும். பத்துத் தடவைக்கு மேல் கேட்டால் எந்தக் குரலும் நம் வீட்டுக்காரர் யாரோ பேசுவது போல ஆகிவிடும். அவளுக்கு நானே, சரி தாயே, இறங்கவில்லை என்று பதில் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

அப்புறம் நடந்தது எனக்கே தெரியாது. நினைவு வந்தபோது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் ஹெட்போன், கையில் அலுவலகத்தின் நீலக் குப்பைப் பை, வாய் இறுகக் கட்டி. தெருவில் வேறு ஒரு ஆளும் இல்லை. எதிர்க் கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஜூஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“டேய் அ-பின்! இன்னைக்குப் புதன்டா! காதல் கீதல்னு ஏதாவதா?”

எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்க முடியாது. வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டால் மாடி மாடியாக ஆட்கள் பையோடு இறங்கி ஓடுவார்கள். பிறந்ததிலிருந்து ஓடுகிறோம். அந்தப் பாட்டை நாங்கள் காதால் கேட்பதில்லை, அது நேரே காலுக்குப் போய்விடும். புதனும் ஞாயிறும் மட்டும் வண்டிக்கு விடுமுறை.

அசடு வழிய மாடி ஏறினேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். சிரிக்கவில்லை.

“ஏன் ஓடின?”

“வண்டிச் சத்தம் கேட்டுச்சுக்கா.”

“எங்க கேட்டுச்சு?”

நான் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைத் தொட்டேன். அக்கா அதை வாங்கித் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மழைக்கு அடியில், மூச்சுக்கு அடியில், நூல் மாதிரி அந்தப் பாட்டு.

“புதன்கிழமை வராத வண்டி,” என்றார் அக்கா. “நாலாயிரம் பேர் கேட்டும் ஒருத்தர் காதுலயும் விழல. உன் கால்ல விழுந்துச்சு.”

“என் மூளை அங்கதான்னு நீங்க எப்பவும் சொல்வீங்களே.”

“இது போன புதன் பேசின குரல் இல்லடா. எப்பவோ பேசினது. யாரோ பத்திரமா வெச்சிருந்து, மழை பெய்யற ஒரு நாளுக்காகக் காத்திருந்து, அன்னைக்கு ஓட்டுகிட்ட வந்து நின்னு ஏத்தியிருக்காங்க. மழையை யோசிச்சவங்க வண்டியை யோசிக்கல.”

அப்படியானால் ஷான்ஷான் வரவில்லை. ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் குப்பைப் பையை மேஜைக்கடியில் திரும்ப வைத்தேன்.

*

அ-லியன் கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். அக்கா கேள்வியை மாற்றிக் கேட்டார்.

“போன புதன் புது ஆளு யாரும் வரலைன்னே. பழைய ஆளு?”

“பழைய ஆளுன்னா... யாருமில்லையேக்கா. யாவ் அம்மா மட்டும் குடையோட கொஞ்ச நேரம் நின்னாங்க. அவங்களைப் போய் யாராவது கணக்குல சேப்பாங்களா?”

“மழையிலயா? அஞ்சு மாடி இறங்கியா?”

“அட, ஆமா.” அ-லியனின் கை ஷட்டரில் அப்படியே நின்றது. “மழையிலதான்.”

வியாழன் காலைதான் முதன்முதலாகக் கேட்டேன் என்று எங்களிடம் சொன்னவர் யாவ் அம்மா. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேல போகணுமா அக்கா? எழுதி அனுப்பிட்டாப் போதாதா?” என்றேன்.

“போகணும்டா,” என்றார்.

ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்த யாவ் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததும் டீ போடப் போனார். தட்டில் கொய்யாத் துண்டுகள் வைத்தார். உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் பெங் குடும்பத்துப் பூஜை மேடை, சிவப்பு விளக்கு, மூதாதையர் பெயர்ப் பலகை.

“குரல் உங்க பொண்ணுதுதான்,” என்றார் அக்கா. “அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பின்னாடி குப்பை வண்டிப் பாட்டு கேக்குது யாவ் அம்மா. புதன்ல வண்டி கிடையாது.”

யாவ் அம்மா கையிலிருந்த தட்டைப் பார்த்தார். “பாட்டா?”

“ஆமா.”

“அதுல பாட்டா இருக்கு?” பொய் சொல்லிப் பிடிபட்டவரின் முகம் இல்லை அது. உண்மையாகவே குழம்பிய முகம்.

அவர் மேடைக்குக் கீழே இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய தன் பழைய போனை எடுத்தார். சார்ஜ் நிறைய இருந்தது. ஏழு வருடமாக யாரோ அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதில் மகள் அனுப்பியிருந்த குரல் மெசேஜை அழுத்தினார்.

“அம்மா, வண்டி வந்துடுச்சு! பையை நான் எடுத்துட்டு வந்துட்டேன், நீ மாடி இறங்காதேம்மா, முழங்கால் வலிக்கும். மழை வேற. நீ சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே. அப்படியே கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்!”

முதலும் கடைசியும் வெட்டாத குரல். பின்னால் அந்தப் பாட்டு, இந்தத் தடவை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“தெருவுல அந்த வண்டி வந்தா எனக்குத் தாங்காது,” என்றார் யாவ் அம்மா. “ஜன்னலைச் சாத்திடுவேன். ஆனா இதுல... தினம் கேக்கறேன். எனக்கு இதுல பாட்டே கேட்டதில்லம்மா. எல்லாம் அவ குரலாத்தான் கேட்டுச்சு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமென்ன, அழுதேன்.

அக்கா மெதுவாகக் கேட்டார். “அவ வரமாட்டான்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் இதைச் செஞ்சீங்க? நீதிமன்றம் எழுதறதால எதுவும் மாறப் போறதில்லையே.”

“மாறும்.” யாவ் அம்மாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. பூஜை மேடையைக் காட்டினார். “அங்க யாரெல்லாம் இருக்காங்க பாருங்க. அவரோட தாத்தா, பாட்டி, குடிச்சே செத்த சித்தப்பா. கல்யாணம் ஆகாத பொண்ணு பேரை மட்டும் அங்க வைக்கக் கூடாது. வழக்கம் இல்லையாம். அவரோட அண்ணன் கண்டிப்பாச் சொல்லிட்டார். கன்னிப் பொண்ணுங்க கோயில்ல கொண்டுபோய் விடணுமாம், ஊருக்கு வெளிய, முன்ன பின்ன தெரியாதவங்க நடுவுல. உயிரோட இருக்கறவரைக்கும் இது அவ வீடு. அங்க அவ கட்டில் இருக்கு, குடை இருக்கு. செத்துட்டான்னு ஒரு முத்திரை குத்தினா, அவளுக்கு இந்த வீட்ல இடம் இல்ல.”

வாசலில் ஏதோ விழுந்தது. பெங் ஐயா நின்றுகொண்டிருந்தார். ஒரு செருப்பு கழற்றியும் ஒன்று கழற்றாமலும், காலடியில் நூடுல்ஸ் பொட்டலம் கவிழ்ந்து கிடக்க. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“அதுவா அந்த மெசேஜ்?” என்றார்.

“ஏழு வருஷமாக் கூப்பிட்டேன், வந்து கேளுங்கன்னு,” என்றார் யாவ் அம்மா. “கேக்க மாட்டேன்னீங்க. சுவர்ல போட்டேன். ஓடு இருக்கற பக்கம் வராம, சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாப் போனீங்க.”

“கேட்டா உசிர் போயிடும்னு நெனச்சேன்.” அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என்னைக் கொலைகாரன் மாதிரிப் பாக்கறே. ஆவிங்க வர்ற மாசம்னு ஏழாம் மாசம் தெருவுல மேஜை போட்டுக் கண்ட ஆவிக்கெல்லாம் சோறு வைக்கறோம். யாருன்னே தெரியாத ஆவிக்கு. என் பொண்ணுக்கு ஒரு கிண்ணம் வைக்க முடியல. வெச்சா அவ செத்துட்டான்னு அர்த்தமாயிடும்னு நீ எடுத்துடறே. ஏழு வருஷமா அவ பசியோட நிக்கறாளேன்னுதான் கோர்ட்டுக்குப் போனேன். வேற எதுக்கு?”

இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு துப்பறியும் நிறுவனம் மாடி ஏறி வர வேண்டியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

“இன்னொரு தடவை போடு,” என்றார் பெங் ஐயா.

யாவ் அம்மா போட்டார். முடிந்ததும் அவர் கேட்காமலே மறுபடி போட்டார்.

“நான் பொய் எழுத முடியாது,” என்றார் அக்கா, ரொம்ப நேரம் கழித்து.

“எழுத வேண்டாம்மா,” என்றார் யாவ் அம்மா. “அந்த ஓட்டுலேர்ந்து அவளை எடுத்துடுவாங்களா?”

அக்கா பதில் சொல்வதற்குள் பெங் ஐயா தலை நிமிர்ந்தார். “அந்தச் சுவர் யாரோடது?”

“நகரத்தோடது ஐயா,” என்றேன். “பொதுச் சுவர்.”

“அப்ப அங்க அவளை வைக்கக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்ல முடியாது,” என்றார் அவர்.

*

ஹங்கிடம் நான்தான் போனில் சொன்னேன். அவன் குதிக்கவில்லை. “நாலாயிரம் பேர்னு கத்தினேனே,” என்றான். தேதியைக் கையால் மாற்ற விதியில் இடமில்லையாம். மாற்றினான். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. முழுக் குரலையும் ஏற்றினான், வெட்டாமல். அவனைப் பற்றி முதலில் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அக்காவின் அறிக்கை ஒரே வரி: குரல் ஷான்ஷானுடையது, புதன்கிழமையுடையது அல்ல. வெள்ளிக்கிழமை அதை நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சந்து வழியாக வந்தோம். தூறிக்கொண்டிருந்தது.

ஓட்டுக்குக் கீழே, சுவரை ஒட்டி ஒரு ஸ்டூல். அதன்மேல் சூடாக ஒரு கிண்ணம் சோறு, மேலே வறுத்த முட்டை. பெங் ஐயா கிண்ணத்துக்குமேல் குடையைப் பிடித்தபடி நின்றார், தான் நனைந்துகொண்டு.

வண்டிப் பாட்டு தெருமுனையில் கேட்டது. சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன. அ-லியன் தன் பையோடு வந்து, வழக்கப்படி ஐந்தாம் மாடிப் பையை எடுக்கப் படிக்கட்டுப் பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றாள்.

யாவ் அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, மறு கையில் நீலப் பையோடு, ஒவ்வொரு படியாக. யாரும் உதவிக்குப் போகவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

வண்டி நின்றது. அவர் பையைத் தன் கையாலேயே வீசினார். திரும்பி வந்து போனை எடுத்து ஓட்டில் வைத்தார். தெருவில் ஒரு பாட்டு, சுவருக்குள் அதே பாட்டு, நடுவில் அந்தக் குரல்.

“...நீ மாடி இறங்காதேம்மா, முழங்கால் வலிக்கும்...”

யாவ் அம்மா சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

“வலிக்குதுடி ஷான்ஷான்,” என்றார். “இறங்கி வந்துட்டேன்.”